‘காரணம் தெரியாத’ சிறுநீரக நோய்: யாருக்குத் தெரியாது?

இந்தியாவின் நாள்பட்ட சிறுநீரக நோய்ப் பதிவேட்டின் அறிக்கை 2012இல் வெளியானது. நாடு முழுவதிலுமிருந்து 52,273 நோயாளிகளின் விவரங்கள் அதில் இருந்தன. நோய்க்கான காரணங்களை வரிசைப்படுத்தியபோது நீரிழிவு 31 விழுக்காட்டுடன் முதலிடத்தில் நின்றது. எதிர்பார்த்ததுதான். ஆனால் இரண்டாம் இடத்தில் இருந்தது எந்த நோயின் பெயரும் அல்ல. ‘காரணம் கண்டறியப்படவில்லை’ என்ற ஒரு வரி. 16 விழுக்காடு. ரத்தக் கொதிப்பு (13 விழுக்காடு) கூட அதற்குப் பின்னால்தான் வந்தது. அந்த 16 விழுக்காட்டினர் எப்படிப்பட்டவர்கள் என்பதையும் அறிக்கை சொல்லியிருந்தது: மற்ற நோயாளிகளைவிட வயது குறைந்தவர்கள், மற்றவர்களைவிட ஏழைகள், நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்கள்.

ஒரு நோய் ஏழைகளாகப் பார்த்து, அதுவும் இளம் வயதிலேயே பிடிக்கிறது. அதன் காரணம் மட்டும் தெரியவில்லை. இரண்டு செய்தியும் ஒரே அறிக்கையில் அருகருகே கிடக்கின்றன. முதல் செய்திக்குள்ளேயே இரண்டாவதற்கான விடையில் ஒரு பகுதி இருக்கலாமே என்று யோசிக்க மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

மருத்துவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீரிழிவு இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, கல்லடைப்பு இல்லை, பிறவிக் கோளாறும் இல்லை, ஆனால் சிறுநீரகம் சுருங்கிப்போய் இருக்கிறது என்றால், காரணம் தெரியவில்லை என்று எழுதுவதுதான் நேர்மை. அந்தச் சொல் மருத்துவமனையைத் தாண்டி அரசுக் கோப்புக்கும் செய்தித்தாளுக்கும் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அங்கே அது ‘மர்ம நோய்’ ஆகிவிடுகிறது. மர்மத்துக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. நிலத்துக்காரர், உப்பள முதலாளி, தொழிலாளர் துறை என யாரும் பதில் சொல்லாமல் நகர்ந்துவிடலாம்.

இந்த ‘மர்மம்’ உலகத்தில் எங்கெங்கே தென்பட்டது என்று பாருங்கள். எல் சால்வடோரின் மருத்துவர்கள் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தலைநகர் மருத்துவமனைக்குச் சிறுநீரகம் செயலிழந்து வருவோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை. அவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள், கடலோரச் சமவெளியில் விவசாய வேலை பார்ப்பவர்கள். பக்கத்து நாடான நிகரகுவாவில் சிச்சிகல்பா என்ற ஊரைச் சுற்றிக் கரும்பு வெட்டுகிறவர்கள் முப்பது, நாற்பது வயதிலேயே இந்த நோயால் இறந்தார்கள். இலங்கையில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களின் நெல் விவசாயிகள். ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் தென்னையும் முந்திரியும் விளைகிற உத்தானம் பகுதி. பயிர் மாறுகிறது, மொழி மாறுகிறது, மண்ணும் தண்ணீரும் மாறுகின்றன. வெயிலில் நின்று உடம்பால் உழைப்பது மட்டும் எல்லா இடத்திலும் இருக்கிறது.

சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் பெரும்பகுதியைத் திரும்ப உடம்புக்கே கொடுத்துவிடும் உறுப்பு. இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. கொளுத்தும் வெயிலில் கடுமையாக உழைக்கும்போது உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள ரத்தத்தைத் தோலுக்கும் தசைக்கும் திருப்புகிறது. சிறுநீரகத்துக்குப் போவது குறைகிறது. வியர்வையில் நீர் போய்விட, இருக்கிற நீரைப் பிடித்துவைக்கச் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் மல்லுக்கட்டுகின்றன. அன்றைக்கு அதில் ஒரு சிறு காயம். இரவு ஓய்வில் ஓரளவு ஆறும். மறுநாள் காலையில் அதே வேலை, அதே வெயில். இப்படிப் பத்துக் கோடை போனால் காயம் தழும்பாகிவிடும். வலி கிடையாது. கால் வீங்கி, மூச்சு வாங்கி, சோறு பிடிக்காமல் போய் மருத்துவமனைக்கு வரும்போது பெரும்பாலும் டயாலிசிஸ் எந்திரத்தைத் தவிர வேறு வழி இருப்பதில்லை.

இது எங்கோ மத்திய அமெரிக்காவின் கதை அல்ல. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் ஆய்வு செய்தார்கள். ஏறத்தாழ 90 விழுக்காட்டினர், பாதுகாப்பானது என்று வகுக்கப்பட்ட வெப்ப அளவுக்கு மேல்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. உப்பளத்தில் ஒரு மரம்கூட இருக்காது. கீழே உப்புநீர், மேலே வெயில், எதிரே வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தும் பாத்தி. வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஏராளம். ஒதுங்க மறைவிடம் இல்லாததால் அவர்கள் தண்ணீரைக் குடிக்காமலே நாளை ஓட்டுகிறார்கள். தாகம் எடுக்காமலா? சிறுநீர் வந்துவிடுமே என்ற பயத்தில். இதை எந்த ‘காரணம்’ பட்டியலில் எழுதுவது? ‘பழக்கவழக்கம்’ என்று எழுதிவிட்டால் குற்றம் அந்தப் பெண்ணுடையதாகிவிடும். ‘கழிப்பறை கட்டித்தரப்படவில்லை’ என்று எழுதினால் அது முதலாளியின் கணக்குக்குப் போகும்.

அடுத்து வயல். சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் துறை முன்னின்று நடத்திய ஆய்வு ஒன்று 2025இல் வெளிவந்தது. தமிழ்நாட்டின் ஐந்து வேளாண் காலநிலை மண்டலங்களில் 3,350 விவசாயத் தொழிலாளர்கள் அதில் பரிசோதிக்கப்பட்டார்கள். ஒருமுறை பார்த்ததோடு நிற்காமல் மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்த்து உறுதி செய்ததில், 5 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமானோருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு நீரிழிவும் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை. அரசு மருத்துவர்களே ஊர் ஊராகப் போய்ச் செய்த நல்ல ஆய்வு இது. பரவலாகப் பேசப்பட்டிருக்க வேண்டும்.

இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வெயில் எல்லோருக்கும் பொதுவானதுதானே, இவர்கள் மட்டும் ஏன் நிழலுக்குப் போகவில்லை?

கூலி முறை முதல் பதில். வெட்டிய கரும்பின் எடைக்கு, வாரிய உப்பின் அளவுக்கு, நட்ட நாற்றின் பரப்புக்குக் கூலி என்றால் நிழலில் உட்காரும் ஒவ்வொரு நிமிடமும் காசு. நாள் கூலி என்றாலோ மேஸ்திரியின் பார்வை. சொந்த நிலத்தில் வேலை செய்கிறவர் பதினொரு மணிக்கு வரப்பேறி வேப்பமரத்தடியில் படுக்கலாம், சாயங்காலம் மறுபடி இறங்கலாம். அடுத்தவர் நிலத்தில் வேலை செய்கிறவருக்கு அந்த உரிமை இல்லை. தமிழ்நாட்டில் யாருக்கு நிலம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது எப்படி முடிவாயிற்று என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பஞ்சமி நிலம் பறிபோன கதையை நாம் நிலவுரிமைச் சிக்கலாக மட்டுமே பேசிவருகிறோம். அது சிறுநீரகத்தின் கதையும்தான்.

தண்ணீர் இரண்டாவது பதில். வெயிலில் வேலை செய்கிறவர்கள் அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எல்லாச் சுகாதார அறிவிப்பும் சொல்கிறது. யாருடைய கிணற்றில், யாருடைய குடத்தில், யாருடைய டம்ளரில் என்று சொல்வதில்லை. இரட்டைக் குவளை இருக்கிற ஊரில் வேலைக்குப் போகும் பெண் வீட்டிலிருந்து கொண்டுபோகும் ஒரு பாட்டில் தண்ணீர்தான் அன்றைய பொழுதுக்கு. வீட்டுக் குழாயில் வரும் தண்ணீருக்காவது உத்தரவாதம் உண்டா என்றால், 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகை ஆய்வுகளின் அட்டவணைகளைப் புரட்டினால் வயது, பாலினம், வருமானம், குடிநீர் எங்கிருந்து வருகிறது, எந்தப் பூச்சிமருந்து, புகைப்பழக்கம் உண்டா என்றெல்லாம் பத்திகள் இருக்கும். நிலம் யாருடையது, கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது, இடையில் எத்தனை முறை ஓய்வு, யார் அனுமதித்தால் ஓய்வு, தொழிலாளர் என்ன சாதி என்ற பத்திகளைக் காண்பது அரிது. சாதியைக் கேட்பது அநாகரிகம் என்று நினைக்கிற மேட்டுக்குடிக் கூச்சம் ஆய்வுக்கூடத்திலும் உண்டு.

சாதியைக் குறித்துக்கொண்டால் போதும் என்றும் சொல்ல முடியாது. எப்படிக் குறிக்கிறோம் என்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது. இதே சிறுநீரக மருத்துவத்திலேயே அமெரிக்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ரத்தத்திலுள்ள கிரியேட்டினின் அளவை வைத்துச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும் சூத்திரங்கள் உண்டு. 1999இலும் 2009இலும் வந்த சூத்திரங்களில் நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 2009 சூத்திரத்தில் அது சுமார் 16 விழுக்காடு கூடுதல். கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம் என்ற அனுமானம் அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். விளைவு? ஒரே ரத்தப் பரிசோதனை முடிவு வந்தாலும் கறுப்பின நோயாளியின் சிறுநீரகம் காகிதத்தில் ஆரோக்கியமாகத் தெரிந்தது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் அவர் தாமதமாகவே ஏறினார். மருத்துவ மாணவர்களும் கறுப்பின மருத்துவர்களும் விடாமல் கேள்வி கேட்டதால் 2021இல் இனம் நீக்கப்பட்ட சூத்திரம் வந்தது. 2023 முதல் பழைய கணக்கால் இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். அப்படித் திருப்பித் தரப்பட்ட கறுப்பின நோயாளிகளின் எண்ணிக்கை 2024க்குள் 14,000ஐத் தாண்டியது. இருபதாண்டுக் காலம் ஒரு பெருக்கல் எண்ணுக்குள் இனவெறி உட்கார்ந்திருந்தது, அதை அறிவியல் என்று நம்பி நல்ல மருத்துவர்களும் பயன்படுத்தினார்கள்.

அங்கே சமூக வேறுபாட்டை உடம்பின் இயல்பாக மாற்றிவிட்டார்கள். இங்கே அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம். சாதியை ரத்தத்தில் தேட வேண்டாம்; மரபணு ஆய்வுக்குக் கிளம்பிவிடுகிற கூட்டம் ஒன்று எப்போதும் தயாராக இருக்கிறது, அவர்களைச் சொல்கிறேன். யாரை எந்த வேலைக்கு, எந்த வெயிலில், எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தது என்ற வகையில்தான் சாதி இந்த ஆய்வுக்குள் வர வேண்டும்.

வெப்பம் ஒன்றே காரணம் என்று அறிவியல் தீர்ப்பு எழுதிவிடவில்லை. இலங்கையில் கடின நீர், ஃப்ளோரைடு, பூச்சிமருந்து, களைக்கொல்லி என்று பல திசைகளில் ஆய்வுகள் போயின. 2015இல் மைத்திரிபால சிறிசேன அரசு கிளைபோசேட் களைக்கொல்லியைத் தடை செய்தது. 2018இல் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களுக்காகத் தடையைத் தளர்த்தியது. பல காரணங்கள் சேர்ந்து தாக்குகின்றன என்பதே இன்று பலர் ஏற்கும் கருத்து. சரி, பூச்சிமருந்துதான் என்றே வைத்துக்கொள்வோம். தெளிப்பானை முதுகில் கட்டிக்கொண்டு, முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் வயலில் இறங்குவது யார்? கெட்ட தண்ணீர்தான் என்றால், ஊரின் எந்தப் பகுதிக்குக் கடைசியாகக் குழாய் போகிறது? எந்தக் காரணத்தைப் பிடித்து இழுத்தாலும் அதே தெருவுக்குத்தான் வந்து சேர்கிறோம். உத்தானத்தில் 2023 டிசம்பரில் சுமார் 700 கோடி ரூபாயில் குடிநீர்த் திட்டமும், பலாசாவில் 200 படுக்கைகள் கொண்ட சிறுநீரக மருத்துவமனையும் திறக்கப்பட்டன. பல்லாண்டுப் போராட்டத்தின் பயன் அது. வேலை நேரமும் கூலி முறையும் மட்டும் அங்கும் பேசப்படாமலே இருக்கின்றன.

நிகரகுவாவில் கொஞ்சம் வேறு விதமாக நடந்தது. நோயுற்ற முன்னாள் கரும்புத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டார்கள். சர்க்கரை ஆலைக்கு உலக வங்கிக் குழுமம் கடன் கொடுத்திருந்தது. அந்தக் குழுமத்தின் புகார் விசாரணை அமைப்பிடம் 2008இல் மனுக் கொடுத்தார்கள். பேச்சுவார்த்தை நடந்தது, பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அதன் பிறகு வேறு ஆய்வுக் குழுக்களும் வந்தன. அறுவடைக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை, அறுவடை முடிந்ததும் இன்னொன்று. ஒரே பருவத்துக்குள் சிறுநீரகத் திறன் எவ்வளவு இறங்குகிறது என்பதை எண்ணாக எழுதிக் காட்டினார்கள். கட்டாய ஓய்வு, நகர்த்தக்கூடிய நிழற்கூடாரம், போதிய குடிநீர் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்தபோது, கரும்பு வெட்டுகிறவர்களிடம் புதிய சிறுநீரகக் காயங்கள் கணிசமாகக் குறைந்தன. மருந்து எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் சங்கமாக நின்று கேட்டதால் தொடங்கிய ஆய்வு என்பதை நம் இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் என்ன செய்கிறோம்? 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது தமிழ்நாடு அரசு. வெப்பத் தாக்கத்தால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்கத்தக்கது. ஆனால் வெயிலில் சுருண்டு விழுந்து அன்றே இறந்தவருக்குத்தான் அது. பத்துக் கோடையில் சிறுகச் சிறுகச் சிறுநீரகத்தை இழந்தவர் அந்தக் கணக்கில் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே போகிறது. வயிற்றுவழி டயாலிசிஸ் செய்வோருக்குப் பைகளையும் கொண்டுசேர்க்கிறது. இந்தியாவில் வேறெங்கும் எளிதில் காண முடியாத திட்டம். அது முதன்மையாகத் தேடுவதோ சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும். நமக்குக் கவலை தரும் தொழிலாளருக்கு இரண்டும் இருக்காது. 2023இல் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதம் பார்க்கும் பரிசோதனையும் தொடங்கப்பட்டது. இந்த வகை நோய் வடிகட்டியை விடுத்து நுண்குழாய்களையே முதலில் தாக்குவதால், தொடக்கத்தில் சிறுநீரில் புரதம் அதிகம் போவதில்லை. பட்டையை நனைத்துப் பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று அனுப்பிவிடுவார்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தால்தான் பிடிபடும்.

பிடிபடாமல் போனவர்கள் டயாலிசிஸுக்கு வந்து சேர்கிறார்கள். நாட்டில் ஆண்டுக்கு 2.2 லட்சம் பேருக்குச் சிறுநீரகம் முற்றாகச் செயலிழக்கிறது என்று 2016 பட்ஜெட் உரையில் ஒன்றிய அரசே சொன்னது. மாவட்ட மருத்துவமனைகளில் டயாலிசிஸ் திட்டத்தையும் அப்போதுதான் அறிவித்தது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டிலும் டயாலிசிஸ் இலவசம். எந்திரத்துக்குக் காசு இல்லை, உண்மைதான். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். போக வர ஆகும் நேரத்தையும், முடிந்தபின் வரும் அசதியையும் சேர்த்தால் ஒரு நாள் முழுசும் போய்விடும். கூடவே ஒருவர் வர வேண்டும். அவருடைய கூலியும் போகும். மாதச் சம்பளக்காரருக்கு மருத்துவ விடுப்பு இருக்கிறது. நாள் கூலிக்காரருக்கு வாரத்தில் மூன்று நாள் என்பது பாதிக் குடும்ப வருமானம். அதனால்தான் மூன்று என்பது இரண்டாகிறது, பண்டிகை வந்தால், கடன் முற்றினால் ஒன்றாகிறது. ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை’ என்று கோப்பில் எழுதுவார்கள்.

டயாலிசிஸில் இருப்பவர் நினைத்தபோது தண்ணீர் குடிக்க முடியாது. சிறுநீர் வராததால் குடித்ததெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும். பலருக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர் அளவில்தான் அனுமதி. வேலை செய்த காலத்தில் தண்ணீர் கிடைக்காதவருக்குக் கிடைக்கும் காலத்தில் குடிக்க முடியவில்லை.

அம்பேத்கர் வைஸ்ராய் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த காலத்தின் முயற்சியால் ஆலைத் தொழிலாளருக்கு வாரத்துக்கு 54 மணி நேரம் என்பது 1946இல் 48ஆகக் குறைந்தது. வேலை நேரம் சட்டத்தின் விஷயம் என்று அன்றே நிலைநாட்டப்பட்டது. வரப்புக்கும் பாத்திக்கும் அந்தச் சட்டம் வந்து சேரவில்லை. வெப்பம் இன்ன அளவைத் தாண்டினால் கூலிப் பிடித்தம் இல்லாமல் ஓய்வு, வேலையிடத்தில் நிழலும் குடிநீரும் பெண்களுக்குக் கழிப்பறையும் என்பதைச் சட்டமாக்கக் கோருவது சுகாதாரத் துறையின் வேலை மட்டுமல்ல. சாதி ஒழிப்பு இயக்கங்களின் கோரிக்கைப் பட்டியலிலும் அது இருக்க வேண்டும், இதுவரை இல்லை.

அதுவரை உடனே செய்யக்கூடிய ஒன்று உண்டு. தூத்துக்குடியில் மழை ஓய்ந்து ஜனவரி, பிப்ரவரி வாக்கில் உப்புப் பருவம் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை வரும்போது முடிகிறது. பாத்தியில் இறங்கும் முன் ஒருமுறை, ஏறும்போது ஒருமுறை, ஒவ்வொரு தொழிலாளருக்கும் கிரியேட்டினின் பார்க்கலாம். செலவு அதிகம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்தால் போதும். முடிவுகளைத் தொழிலாளர் கையிலேயே கொடுக்க வேண்டும், எந்த உப்பளம், என்ன கூலி முறை, எத்தனை முறை ஓய்வு என்பதையும் சேர்த்து எழுதி. அந்தப் பகுதிச் சங்கங்களும் மருத்துவக் கல்லூரி மாணவர்களும் கைகோத்தால் வரும் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.